சோடாக்கடை மருதை போட்ட சலாம் வரிசை

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் சோடாக்கடை வைத்திருந்த மருதைக்குக் கண் கூர்மை. வாய் அதைவிடக் கூர்மை. காவிரியில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவருக்குக் கோலி சோடாவை உடைத்து நீட்டும்போதே, அவர் முழுகியதில் என்ன குறை என்று சொல்லிவிடுவார். நாயனக்காரர் மூச்சு வாங்குகிற இடம் சரியில்லை, புறப்பாட்டில் குடை பிடிக்கிறவருக்கு முழங்கை தொங்குகிறது, எதிர்வீட்டு அம்மாள் போட்ட கோலம் வலப்பக்கம் சாய்கிறது என்று அவருக்கு நாள் முழுக்க வேலை இருந்தது. சோடா விற்றதெல்லாம் நடுநடுவே. இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைக்கும். தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

எல்லாரையும்விட அதிகம் மாட்டிக்கொண்டவர் குத்புதீன். சிந்தாமணியில் சைக்கிள் கடை. மருதையின் வயதுதான் அவருக்கும். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி வந்து, படித்துறைக்குக் கீழே மணலில் சிலம்பம் சொல்லிக் கொடுப்பார். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் பக்கத்துத் தென்னந்தோப்பு. மணலில் ஆடினாலும் தோப்பில் ஆடினாலும் சோடாக்கடைப் பலகையில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். வேறு எங்காவது இடம் பார்த்திருக்கலாம் அந்த மனுஷர். விதி யாரை விட்டது!

பதினைந்து வருஷம் மருதை அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். ஒருவன் கம்பைப் பார்த்துக் கால் வைக்கிறான், இன்னொருவன் திரும்பும்போது தோளைத் தூக்குகிறான், மூன்றாமவனைக் கம்பு சுற்றுகிறதா அவன் கம்பைச் சுற்றுகிறானா என்றே தெரியவில்லை என்று அங்கிருந்தபடியே குரல் கொடுப்பார். குத்புதீன் கோபித்துக்கொண்டதே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே வருவார், “சரிண்ணே” என்பார், ஒரு பன்னீர் சோடா குடிப்பார், சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். அவர் தன்னிடம் படிக்கிற பிள்ளைகளையே அதட்டிப் பேசாதவர். தப்பாக ஆடினால் தானே ஒரு தடவை ஆடிக் காட்டுவார், அவ்வளவுதான். குறை சொல்லாத வாத்தியாரும் குறையைத் தவிர வேறொன்றும் சொல்லாத சோடாக்கடைக்காரரும் எப்படித்தான் பதினைந்து வருஷம் சிநேகிதமாக இருந்தார்களோ, அந்த ரங்கநாதருக்குத்தான் வெளிச்சம்.

மருதை ஒரு நாளும் கம்பைத் தொட்டதில்லை. ஒருமுறை மணலில் இருந்த ஒரு வாலிபன் பொறுக்க முடியாமல், நீங்களே வந்து ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன் என்று கேட்டுவிட்டான். கடையை யார் பார்ப்பது என்று கேட்டு மருதை அந்தப் பேச்சை முடித்துவிட்டார். உள்ளே பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி வெள்ளையம்மாள், ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பாட்டிலிடம் சொல்வதுபோலச் சொன்னாள். மருதைக்குக் கண்தான் கூர்மை, காது அந்த நேரங்களில் கொஞ்சம் மந்தம்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. வையம்பட்டிப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் கூப்பிட்டார் என்று மருதை போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, அந்த வருஷம். சாமி புறப்படுவதற்கு முன்னால் சிலம்பக் கோஷ்டி இறங்கியது. கோஷ்டிக்கு முன்னால் நின்றவர் பெரியண்ணன் என்ற விவசாயி. நல்ல வாட்டசாட்டம், நல்ல வீச்சு. கம்பு சுற்றுவதற்கு முன்னால் சலாம் வரிசை என்று ஒன்று போடுவார்கள். சிலம்பம் பழகுகிறவன் முதன்முதலில் படிப்பதும் அதுதான். மண்ணைத் தொட்டு, கம்பைத் தலைக்கு மேல் ஒரு சுற்று விட்டு, நாலு திக்கும் திரும்பி, திக்குக்கு ஓர் அடி வைத்து வணங்க வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பெரியண்ணன் அதைப் போட்டு முடித்ததும் கூட்டம் விசில் அடித்தது. மருதை மட்டும் பக்கத்தில் நின்ற ஆளிடம், “எல்லாம் சரிதாங்க. சலாம் வைக்கிறப்ப அம்மனைப் பாக்காம சனத்தைப் பாக்குறாரே” என்றார்.

பக்கத்தில் நின்ற ஆள் பெரியண்ணனின் மச்சினன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருப்பானா? ஆட்டம் முடிந்ததும் பெரியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக மருதையிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று மருதை ஓர் அடி பின்வாங்கினார். வந்தவரோ கையைக் கூப்பி, முப்பது வருஷமாக இந்தக் குறையை எனக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை, ஐயாவுக்கு எந்த ஊர், வாத்தியாரா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மருதை சொல்லவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிய கை எதிரில் இருந்தது. “ஸ்ரீரங்கங்க. நம்ம பக்கம் கொஞ்சம் பேரு இருக்காங்க. குத்புதீன்னு ஒருத்தரு, இப்ப பெரிய ஆளு. எல்லாம் நம்ம கண்ணு முன்னால கம்பு பிடிச்சவருதான்” என்றார். வார்த்தைக்கு வார்த்தை எடுத்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் மெய்யும் இல்லை. பெரியண்ணன் அவரை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கோழி அடித்துச் சோறு போட்டார். மருதையும் சாப்பிட்டார், குழம்பில் காரம் ஒரு மட்டு கூடுதல் என்று மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு.

அத்தோடு விட்டதா? பெரியண்ணன் மகன் அம்மாசிக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பிட்டர் வேலை. ஸ்ரீரங்கத்து வாத்தியாரைப் பார்த்துவிட்டு வா என்று அப்பா சொன்னதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சோடாக்கடைக்கு வந்தான். கடையில் அப்போது மருதையின் மகள் ராசாத்தி இருந்தாள். அதற்கப்புறம் அவனுக்குப் பொன்மலையில் சோடாவே கிடைக்காமல் போய்விட்டது, பாவம். டவுன் தாண்டி, பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துக்கு வந்துதான் தாகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராசாத்தியும் அவன் வருகிற நாளில் எல்லாம் அப்பாவைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கடையைத் தானே பார்த்துக்கொண்டாள். வெள்ளையம்மாள் கண்ணில் இது பட்டது. ஊர்க் குறையெல்லாம் தெரிந்த மருதைக்கு இது கடைசியில்தான் தெரிந்தது.

தெரிந்தபோது சந்தோஷந்தான். நல்ல குடும்பம், நல்ல பையன், சர்க்கார் சம்பளம். பெரியண்ணனே ஆள் விட்டு, வாத்தியார் வீட்டில் பெண் எடுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதோடு இன்னொரு சேதியும் வந்தது. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண் வீட்டார் போய்ச் சாப்பிட்டுக் கை நனைக்கிற அன்று, தட்டு மாற்றுவதற்கு முன்னால், சம்பந்திகள் இரண்டு பேரும் களத்தில் எதிரெதிரே நின்று சலாம் வரிசை போட வேண்டும். கம்பு தெரியாத சம்பந்தி என்றால் சும்மா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டால் போதும். வாத்தியார் வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. வரிசையைத் தொடங்கும் முன் ஒரு பிடி மண்ணை எடுத்து, தனக்குக் கம்பு கொடுத்த வாத்தியார் பேரை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். வாத்தியார் பேரை மறைக்கிற வீட்டில் அவர்கள் பெண் எடுப்பதில்லை. உங்கள் சிஷ்யர் குத்புதீனையும் கட்டாயம் அழைத்து வாருங்கள் என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மருதை அன்றைக்குச் சோடாவைக் கலர் என்றும் கலரைச் சோடா என்றும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். உண்மையைச் சொல்லி அனுப்பினால் சம்பந்தம் முறியும். ராசாத்தி முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பாட்டில்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மருதை பாலத்தைத் தாண்டிச் சிந்தாமணிக்குப் போனார். சம்பந்தி வீட்டு வழக்கம், சலாம் வரிசை மட்டும் தெரிந்தால் போதும், யாருக்கும் தெரியாமல் சொல்லிக் கொடுங்கள் பாய் என்று கேட்டார். தன்னை வாத்தியார் என்றும் குத்புதீனைச் சிஷ்யர் என்றும் அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதை மட்டும் விழுங்கிவிட்டார். குத்புதீன் கேட்டுக்கொண்டே இருந்து, திடீரென்று குனிந்து, கீழே விழாத ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டை வெகுநேரம் தேடினார். தேடி முடித்து நிமிர்ந்தபோது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. “வர்றேண்ணே” என்றார்.

மணலில் ஆடினால் ஊர் பார்க்கும். ஆகவே கடைக்குப் பின்னால் இருந்த பாட்டில் கொட்டகையில், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் பாடம் நடந்தது. நாலு பக்கமும் பாட்டில் பெட்டி, மேலே தாழ்ந்த ஓடு. குத்புதீன் கம்பைப் பாதியாக நறுக்கிக் கொடுத்தார். முதல் நாளே மருதைக்கு ஒரு விஷயம் புரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த எதுவும் காலுக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் பார்த்த வரிசை. தூக்கத்தில் கேட்டாலும் எந்த இடத்தில் எந்தக் கால் என்று சொல்வார். அந்த இடம் வந்ததும் காலோ இன்னொன்றாக இருக்கும். இடது என்று நினைத்தால் வலது போகும். கம்பு தலைக்கு மேல் சுற்றுவதற்குப் பதிலாகத் தலையையே ஒரு தட்டுத் தட்டும். போதாக்குறைக்கு, திரும்புகிற போதெல்லாம் வலதுகைக் கட்டைவிரல் தானாகக் கம்பை அழுத்தும், கோலியை உள்ளே தள்ளுகிற மாதிரி. ஆயுசு முழுக்க சோடா உடைத்த விரல், அதற்கு வேறென்ன தெரியும்?

பாட்டில் உடையும் என்ற பயத்தில் அடியெல்லாம் சின்னச் சின்ன அடியாக விழுந்தது. குத்புதீன் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. தானே ஒரு தடவை போட்டுக் காட்டுவார், நின்று பார்ப்பார், தாடியைத் தடவுவார். “எப்படி பாய்?” என்று கேட்டால், “ம், வருது” என்பார். எது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று மருதைக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் குறை சொன்னவருக்கு, தன் குறையைச் சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று ஏக்கமாகிவிட்டது. அந்தக் குறையை வெள்ளையம்மாள் தீர்த்து வைத்தாள். பாட்டில் கழுவிக்கொண்டே, மேற்கு அந்தப் பக்கம் என்பாள். இப்போது கும்பிட்டது கலர்ப் பெட்டியை என்பாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளைகிறதே, எலும்பு முறிகிற சத்தம் கேட்கிறதே என்பாள். மருதை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வரிசை மறந்துபோகும்.

நாலு மாதத்தில் வரிசை ஒரு மாதிரி நின்றது. இனி வாத்தியார் பேர்தான் பாக்கி. அதற்கும் மருதை வழி கண்டுபிடித்துவிட்டார். உப்பிலியபுரம் காத்தமுத்து வாத்தியார் என்று ஒருவரை உண்டாக்கி, அவருக்கு மீசை வைத்து, பச்சைமலை அடிவாரத்தில் குடி வைத்து, போன பஞ்சத்தில் சாகவும் அடித்துவிட்டார். செத்த மனுஷர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. வெள்ளையம்மாளிடம் இதைச் சொன்னார். அவள் சோற்றைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டாள்.

குறித்த நாளில் பஸ் பிடித்துப் போனார்கள். மருதை, வெள்ளையம்மாள், உறவுக்காரர் நாலைந்து பேர், குத்புதீன். குத்புதீன் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, சம்பந்தி வீட்டுக்கென்று பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். மணப்பாறை தாண்டும் வரைக்கும் மருதை ஜன்னல் பக்கம் திரும்பிக் காத்தமுத்து, காத்தமுத்து என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஏதோ ஒரு சாமி மந்திரம் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

பெரியண்ணன் வீட்டுக்கு எதிரே களத்தைச் சாணி தெளித்து மெழுகியிருந்தார்கள். ஊர் பாதி கூடிவிட்டது. ஸ்ரீரங்கத்து வாத்தியார் வரிசை போடுவதைப் பார்க்க மருங்காபுரியிலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். பெரியண்ணன் மனைவி பாப்பாயி மோர் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் குத்புதீனிடம் வந்து, நீங்கள்தானா வாத்தியாரோட சிஷ்யர், உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் என்று சிரித்தாள்.

குத்புதீன் கையில் சொம்பு அப்படியே நின்றது. மருதையைத் திரும்பிப் பார்த்தார். மருதை தரையைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்தவும் முடியாது. குத்புதீனின் குரல் கேட்டது.

“ஆமாங்கம்மா. பதினஞ்சு வருஷமா அவரு கண்ணு முன்னாலதான் கம்பு சுத்திக்கிட்டு இருக்கேன்.”

சொல்லிவிட்டு மோரைக் குடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பாப்பாயி திருப்தியாகப் போய்விட்டாள். மருதைக்கு உடம்பு குறுகிப்போயிற்று. அந்த மனுஷர் அங்கேயே கத்தியிருந்தால், எழுந்து பஸ்ஸுக்குப் போயிருந்தால், தாங்கியிருப்பார். தன் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பாய் அவருடைய மானத்தைக் கொடுத்துவிட்டாரே.

நல்ல நேரம் பிறந்தது. வெற்றிலை பாக்கும் பழமும் பட்டுச்சேலையும் வைத்த தட்டுகள் இரண்டு களத்து ஓரத்தில் தயாராக இருந்தன. முதலில் பெரியண்ணன் இறங்கினார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தன் சிறிய தகப்பனார் பேரைச் சொல்லி வரிசையைத் தொடங்கினார். நாலு திக்கும் திரும்பிக் கடைசியில் சலாம் வைக்கிற இடம் வந்ததும், கூட்டத்தை ஒரு பார்வைகூடப் பார்க்காமல், மாரியம்மன் கோயில் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி நிதானமாக வணங்கினார். வணங்கி எழுந்து, சரியாக இருக்கிறதா என்பதுபோல மருதையைப் பார்த்தார். பரீட்சை எழுதிய பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற பார்வை அது. ஒரு வருஷமாக இந்த மனுஷர் தன் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பழகியிருக்கிறார் என்று மருதைக்குத் தெரிந்தது.

மருதை இறங்கினார். கம்பு முழுக் கம்பு, கையில் கனத்தது. குனிந்து மண்ணை எடுத்தார். காத்தமுத்து நாக்கு நுனியில் தயாராக இருந்தார், மீசையோடு. மருதை நிமிர்ந்தார். பெண்கள் பக்கம் வெள்ளையம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். குத்புதீன் ஆண்கள் கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். சிஷ்யர் நிற்க வேண்டிய இடமாம் அது.

“எனக்குக் கம்பு கொடுத்தவரு சிந்தாமணி குத்புதீன் வாத்தியாரு” என்றார் மருதை.

குரல் உரக்கத்தான் வந்தது. சொல்லி முடித்ததும் ராசாத்தியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

பெரியண்ணனின் மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவர் உங்கள் சிஷ்யர் என்றல்லவா சொன்னீர்கள் என்று கேட்டான். மருதை பெரியண்ணனைப் பார்த்து, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “நான் வாத்தியார் இல்லீங்க. சோடாக்கடைக்காரன். நாலு மாசத்துக்கு முன்னால கம்பைத் தொட்டதே இல்ல. இந்த ஒரு வரிசைதான் தெரியும், அதுவும் அரைகுறை. போன வருஷம் உங்களைச் சொன்னது சும்மா பாத்துச் சொன்னதுங்க. தப்பு என் வாயோடது. அதை எம்பொண்ணு தலையில வச்சிராதீங்க.”

களத்தில் சலசலப்பு கிளம்பியது. கம்பையே தொடாத ஆளா நம் மாமனைத் திருவிழாவில் வைத்துக் குறை சொன்னது என்று மச்சினன் எகிறினான். தட்டை எடுத்து உள்ளே வை என்றும் சொல்லிவிட்டான். ஒரு பெண் தட்டைத் தூக்கவும் தூக்கிவிட்டாள். வெள்ளையம்மாள் அசையவில்லை, கண்ணில் நீர் முட்டியது. மருதைக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. கையில் மண், தோளில் கம்பு, எதிரில் முறியப்போகிற சம்பந்தம்.

பெரியண்ணன் கையை உயர்த்தினார். “பேரைச் சொல்லியாச்சு. வரிசையைப் போடட்டும்” என்றார்.

மருதை போட்டார். அவ்வளவு பெரிய களத்தில், கண்ணுக்குத் தெரியாத பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு முறத்து அகலத்துக்குள்ளேயே நாலு திக்கும் திரும்பினார். ஓடு இடிக்கும் என்ற நினைப்பில் கழுத்து உள்ளே போயிருந்தது. கட்டைவிரல் திக்குக்கு ஒரு சோடா உடைத்தது. யாரோ சிரித்தார்கள். மேற்கே திரும்பும்போது கால் பின்னித் தடுமாறி, நின்று, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிப் போட்டு முடித்து, கோயில் பக்கம் வணங்கி நிமிர்ந்தார். வேர்வை கண்ணில் வழிந்தது. ஊரில் இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் இவ்வளவு கேவலமாக வரிசை போட்டுத் தான் பார்த்ததில்லை என்று அந்தக் கூர்மையான கண் அவருக்கே சொல்லியது.

பெரியண்ணன் வேப்பமரத்தடிக்குத் திரும்பினார். “வாத்தியாரே, எப்படி?” என்றார்.

அத்தனை தலையும் குத்புதீன் பக்கம் திரும்பியது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வந்து மருதையைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். வழக்கம்போல ஒரு “ம், வருது” சொல்லி விடுவார், அதைச் சொல்லித் தொலைக்கட்டும் என்று மருதை காத்திருந்தார்.

“வாத்தியார்னு என் பேரைச் சொல்லிட்டு இப்படியாண்ணே போடுறது?” என்றார் குத்புதீன். குரலில் நிஜமான கோபம். அப்புறம் நிற்கவே இல்லை. அடி சின்னது என்றார். கழுத்து எங்கே போயிற்று என்றார். கட்டைவிரலை வெட்டிப் போட்டால்தான் சரிப்படும் என்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் தூக்குகிறது. குதிகால் தூக்கினால் அது சலாம் இல்லை, எட்டிப் பார்க்கிறது என்றார். நாலு மாதம் அடக்கி வைத்ததா, பதினைந்து வருஷம் அடக்கி வைத்ததா, மடை திறந்த மாதிரி வந்தது. “மறுபடி போடுங்க. குதிகால் மண்ணை விட்டு எழும்பக் கூடாது.”

“சரிங்க வாத்தியாரே” என்றார் மருதை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து வெள்ளையம்மாள் அந்த வாயிலிருந்து எதிர்ப்பேச்சு இல்லாத ஒரு “சரி”யைக் கேட்டதில்லை. முந்தானையை விட்டுவிட்டு நன்றாகப் பார்த்தாள்.

பெரியண்ணன் தோள் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மச்சினன் இன்னும் ஏதோ முனகினான். “அட, ஏமாத்துற ஆளா இருந்தா, செத்துப்போன வாத்தியார் எவனாச்சும் ஒருத்தன் பேரை எடுத்து விட்டிருப்பாருடா. நமக்கு எங்க தெரியப் போவுது?” என்று பெரியண்ணன் அவன் முதுகில் தட்டினார். மருதைக்கு அந்த வெயிலிலும் முதுகுத்தண்டு சில்லென்றது. நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை. குதிகாலை மண்ணில் அழுத்திக்கொண்டு கிழக்கே ஓர் அடி வைத்தார். பெரிய அடியாகவே வைத்தார்.

பெரியண்ணனுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. “வாத்தியாரே, எனக்கும் குதிகால் தூக்குதா பாருங்க” என்று கம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். குத்புதீன் குனிந்து பார்த்து, உங்களுக்கு வலதுகாலில் மட்டும் தூக்குகிறது என்றார். ஊர்ப் பெரிய மனுஷருக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகென்ன, இரண்டு சம்பந்திகளும் தெற்கே ஒருமுறை, மேற்கே ஒருமுறை, தப்பு, மறுபடி கிழக்கிலிருந்து என்று திரும்பிக்கொண்டே இருந்தார்கள். குத்புதீன் நடுவில் நின்று இருவரையும் விரட்டினார்.

பாப்பாயி வாசலில் வந்து வந்து வானத்தைப் பார்த்தாள். வெயில் வேம்பின் நிழலைத் தாண்டிவிட்டது, நல்ல நேரம் முடியப் போகிறது, தட்டை மாற்றுங்கள் என்று ஆண்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். யாருக்கும் காதில் விழவில்லை. அவள் வெள்ளையம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். வாத்தியார் வீட்டுப் பெண் வந்தால் குழம்புக்கும் ரசத்துக்கும் குறை சொல்லுமோ என்று ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை, சோடாக்கடைக்காரர் மகளா, அப்பாடா என்றாள். வெள்ளையம்மாள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். உள்ளே போன தட்டு மறுபடி வெளியே வந்தது. இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஆண்களுக்காகக் காத்திருந்தால் ராகு காலம் வந்துவிடும். இந்தத் தட்டை அவளும் அந்தத் தட்டை இவளும் வாங்கிக்கொண்டு, சாமியை நினைத்துக் கண்ணில் ஒற்றினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஊரில் எவன் முழங்கை எத்தனை விரற்கடை தாழ்ந்தாலும் கண்டுபிடிக்கிற மருதை, தன் மகளுக்குத் தட்டு மாறியதைப் பார்க்கவில்லை. அவர் தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.